பிளேன் கொட்டிலில் தூவிய மா

சந்திரமௌலி வீட்டுக் கதவைப் பூட்டினால் பூட்டியதோடு விடமாட்டார். கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பாதிப் படி இறங்கியபின் திரும்பி ஏறி வந்து மறுபடியும் இழுப்பார். கீழ்வீட்டு ஜெர்மன்காரி ஒருமுறை யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று நினைத்துப் பொலிசுக்கு அறிவிக்கவே போய்விட்டாள். அவருடைய மனைவி சுந்தரேஸ்வரி காருக்குள் இருந்தபடி, "கதவு கையோடை வரப்போகுது, விட்டிட்டு வாங்கோ" என்று கூப்பிடுவது பீலெஃபெல்டில் அந்தத் தெருவுக்கே பழகிப்போன சத்தம்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு விமானக் கொட்டகைக்குச் சொந்தக்காரர் ஆனார். ஆனபின் அதையும் இழுத்து இழுத்துப் பார்த்தே கிட்டத்தட்ட உடைத்துவிட்டார் என்பதுதான் இந்தக் கதை.

அந்த விமானத்திடல் அரசாங்கத்தினுடையது அல்ல. பறக்கும் ஆசை பிடித்த சிலர் சங்கமாகச் சேர்ந்து, ஊருக்கு வடக்கே சோளத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு புல் ஓடுபாதையை வைத்திருந்தார்கள். ஓரத்தில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். நிலம் சங்கத்துக்கு, கொட்டகை அவரவருக்கு. சொந்தம் என்றவுடன் நினைத்ததைச் செய்யலாம் என்று எண்ணிவிடக்கூடாது. உள்ளே படுக்கக்கூடாது. சமைக்கக்கூடாது. தின்னும் பொருள் எதையும் வைக்கக்கூடாது. வீட்டில் இடம் போதாத சோபாவைக் கொண்டுபோய் அடுக்கக்கூடாது. கதவுக்கு எல்லாரும் ஒரே பச்சை நிறம்தான் அடிக்கவேண்டும். தீப்பிடித்தால் திறப்பதற்காகப் பூட்டின் திறப்புச் சாவி ஒன்றைச் சங்கக் கட்டடத்துச் சுவரில் கொழுவிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே நிற்கும் விமானம் பறக்கக்கூடிய விமானமாக இருக்கவேண்டும். பறக்க முடியாததை வைத்திருப்பவரின் கொட்டகையை ஆண்டுப் பொதுக்கூட்டம் வாக்கெடுத்துத் திருப்பி எடுக்கலாம். காத்திருப்போர் எப்போதும் நிறையப் பேர் இருந்தார்கள்.

சந்திரமௌலி இந்த விதிகளைச் சட்டத்தரணி வாசிப்பதுபோல வாசித்தவர். வாசிக்க வாசிக்க அவருக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது.

"இதெல்லாம் என்னை மனசிலை வைச்சு எழுதினது, சுந்தரி. திறப்பைக் கொழுவோணுமாம். ஏன்? நான் இல்லாத நேரம் உள்ளுக்குப் போகத்தானே?"

சுந்தரேஸ்வரி கடுதாசியை வாங்கி அடியில் போட்டிருந்த வருடத்தைப் பார்த்தாள். "எழுபத்தி நாலாம் ஆண்டு எழுதியிருக்கு. அப்ப நீங்கள் அரைக் காற்சட்டையோடை திரிஞ்சனியள். உங்களுக்கெண்டோ எழுதி வைச்சவங்கள்?"

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பலாலி விமானத்தளத்துக்குப் பக்கத்துக் கட்டுவனில் பிறந்தவர். சின்ன வயதில் விமானம் இறங்குவதைப் பார்க்க வேலியில் தொங்குவார். வளர்ந்தபோது அதே வானத்திலிருந்து குண்டு விழுந்தது. பதுங்குகுழிக்குள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கடவுளைக் கூப்பிட, இவர் மட்டும் எட்டிப் பார்த்துத் தாயிடம் அடி வாங்குவார். பறப்பை வெறுக்க அவரால் முடியவில்லை. ஓட்டினவனைத்தான் வெறுத்தார். அந்த நாட்களில் பெயரைக் கேட்பவன் எல்லாம் ஏதோ ஒரு பக்கத்து ஆளாகத்தான் இருந்தான். ஒருவன் சிரித்துக்கொண்டு வந்தால் முதலில் அவன் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கவேண்டும். எண்பத்தி ஏழில் ஜெர்மனிக்கு வந்தபோது உடுப்புப் பையோடு அந்தப் பழக்கமும் கூடவே வந்து இறங்கிவிட்டது.

ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே ஊவே என்று ஒரு கூட்டாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சிறு விமானத்தில் ஏற்றிக் காட்டினான். இறங்கும்போது சந்திரமௌலியின் கன்னம் நனைந்திருந்தது. காற்று என்று சொன்னார். பிறகு வருடக்கணக்காகப் படித்து, நாற்பதை எட்டும்போது உரிமம் எடுத்தார். ஓய்வுபெறப்போன ஒருவரிடமிருந்து இரண்டுபேர் இருக்கக்கூடிய பழைய விமானம் ஒன்றையும், அதோடு கொட்டகையையும் வாங்கினார். மரச் சட்டத்தின்மேல் துணியை இழுத்து ஒட்டி வண்ணம் பூசிய இறக்கை. விரலால் தட்டினால் மேளம்போல மெல்ல ஒலிக்கும்.

"மனுசர் தங்களுக்கு வீடு வாங்குவினம். நீங்கள் பிளேனுக்கு வீடு வாங்கியிருக்கிறியள்," என்றாள் சுந்தரேஸ்வரி. அதன்பின் அவள் வாயில் அது 'பிளேன் கொட்டில்' ஆயிற்று. ஆனாலும் முதல்முறை அவரோடு பறந்து இறங்கியபின் இரண்டு நாள் யாரோடும் சண்டை பிடிக்காமல் இருந்தாள்.

திடலில் அவருடைய நீண்ட பெயரில் சந்திரனை விட்டுவிட்டு மௌலி என்றார்கள். சங்கத் தலைவர் டிரையர், உயரமான மனிதர், விதி என்றால் உயிர். அடுத்த கொட்டகை லாங்கெ கிழவியுடையது. எழுபது கடந்தவள், சங்கத்தின் செயலாளர், வணக்கம் சொன்னால் பாதி வணக்கம்தான் திருப்பித் தருவாள். மீதியைப் பார்வையால் முடித்துவிடுவாள். சந்திரமௌலி இருவரிடமிருந்தும் எட்டத்தில் நின்றார். அப்படியே மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது.

2007 மார்ச்சில் செய்தி வந்தது. ஊரில் போராடிய இயக்கத்தின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா அரச விமானத்தளத்துக்குப் பறந்து குண்டு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டன. உலகத் தொலைக்காட்சி எல்லாம் அதைக் காட்டியது. காட்டிய விமானம் சந்திரமௌலியின் விமானத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது.

தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனார். கடைக்காரர் தங்கராசா கத்தரிக்காயை நிறுத்தபடி குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, எங்கட பொடியளுக்கு நீங்களோ பழக்கிவிட்டது?"

"விசர்க் கதை கதையாதையும்."

"சும்மா பகிடிக்குக் கேட்டனான் அண்ணை," என்று தங்கராசா கண்ணைச் சிமிட்டினார். அந்தக் கண் சிமிட்டல்தான் சந்திரமௌலியைக் கொன்றது. கடையில் நின்ற இன்னொருவர் வேறு மாதிரிப் பார்த்தார். இவ்வளவு வெள்ளைக்காரரோடு பழகுகிறவன் ஆருக்குத் தகவல் குடுக்கிறானோ என்ற பார்வை. அடுத்த சனிக்கிழமை திடலில் டிரையர் அருகே வந்து, "மௌலி, உங்கள் நாட்டுச் செய்தி பார்த்தேன். அங்கே உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"இருக்கிறார்கள்."

"ம்," என்றார் டிரையர்.

அந்த ஒற்றை 'ம்'மை வைத்துக்கொண்டு சந்திரமௌலி ஒரு மாதம் படாத பாடு பட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளமாக ஆனார். பறந்தால் எங்கே போகிறான் என்பார்கள். பறக்காவிட்டால் ஏன் நிறுத்தினான் என்பார்கள். கடைசியில் பறக்காமல் விடுவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்தார். சனிக்கிழமைகளில் போவார். கொட்டகைக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொள்வார். இறக்கைக்குக் கீழே முக்காலியைப் போட்டு, குடுவையில் கொண்டுபோன தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். பறக்க ஏங்குகிற மனிதன் விமானத்தின் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதைவிடத் துக்கம் வேறில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவுமில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் உள்ளே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். விமானத்தின் மூடுதுணி மடிப்பு மாறியிருந்தது. இடதுபக்கத்தை வலதின்மேல் போடுவது அவர் வழக்கம். இப்போது வலது மேலே இருந்தது. முக்காலியும் ஒரு சாண் தள்ளி நின்றது.

யாரோ வந்திருக்கிறார்கள்!

சுந்தரேஸ்வரியிடம் சொன்னபோது, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவரால் முடிக்க முடியவில்லை. ஊரில் கோழிக்கூட்டுக்கு வருவது மரநாயா மனிசனா என்று அறியச் சுற்றிவரச் சாம்பல் தூவுவார்கள். விடிந்ததும் கால்தடம் சாட்சி சொல்லும். நல்ல உபாயம்தான். ஆனால் ஜெர்மனியில் சாம்பலுக்கு எங்கே போவது? வீட்டுச் சூடு குழாயில் வருகிறது, அடுப்பு மின்சாரத்தில் எரிகிறது. சந்திரமௌலி குசினியில் சுற்றுமுற்றும் பார்த்தார். புட்டுக்கு வறுத்து வைத்த அரிசிமா இருந்தது. ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனார்.

கொட்டகை வாசலிலிருந்து விமானத்தின் மூக்குவரைக்கும் மெல்லிசாகத் தூவினார். தூவிவிட்டுப் பின்னால் நடந்து வெளியே வந்து பூட்டினார். வழமைபோல இழுத்தும் பார்த்தார்.

சில மாதம் ஒன்றுமில்லை. மா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. காற்று என்று நினைத்து மேலும் தூவினார். ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்தபோது மாவின்மேல் தெளிவான சப்பாத்துத் தடங்கள். வாசலிலிருந்து மூக்குவரை வந்து, இறக்கைக்குக் கீழே நின்று, திரும்பிப் போயிருந்தன.  அவருக்கு ஒரு திருப்தி வந்தது. தான் நினைத்தது சரி என்ற பாழாய்ப்போன திருப்தி.

அடுத்த வாரம் எல்லாரும் கூடிப் புல் வெட்டும் நாள். வருடத்தில் சில நாள் திடலுக்கு உடல் உழைப்புக் கொடுப்பதும் கொட்டகைக்காரரின் கடமை. சந்திரமௌலி புல்லை வெட்டாமல் கால்களைப் பார்த்தார். ஒருவர் ஏணியில் ஏறினால் அடியில் நின்று சப்பாத்தின் அடிப்பாகத்தை உற்றுப் பார்த்தார். எல்லாருடைய அடியிலும் ஒரே வரி, ஒரே நெளிவு. சேற்றுச் சப்பாத்துகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி எல்லாருக்கும் கொடுத்திருந்தது. அவருடைய காலில் கிடந்ததும் அதே சப்பாத்துத்தான். ஆக அந்தத் தடம் யாருடையதாகவும் இருக்கலாம். இருந்தாலும் அவர் டிரையர் என்று தீர்மானித்தார். சந்தேகக்காரனுக்குச் சாட்சி எதற்கு? 'ம்' என்றது யார்? அது போதாதா?

அன்றே புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். அதன் திறப்பைச் சங்கச் சுவரில் கொழுவவில்லை. பழைய திறப்பே அங்கே தொங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அதன்பிறகு கால்தடம் வரவில்லை. அவர் வெற்றி பெற்றுவிட்டார். ஆனாலும் மா தூவுவதை நிறுத்தவில்லை. வீட்டில் சுந்தரேஸ்வரி மாப் பேணியைத் திறந்து வைத்துக்கொண்டு, "போன கிழமைதானே நிறைச்சனான். எங்கை போகுது? ஆருக்கு இந்த மாவைக் கொண்டுபோய்க் குடுக்கிறியள்?" என்று கேட்டாள். அவளுடைய சந்தேகம் வேறு பக்கம் போவதைக் கண்டு உண்மையைச் சொன்னார்.

அவள் பேணியை மூடினாள். பிறகு, "ஊரிலை சாம்பல் தூவினவை மடையரே? வாசல்லை மாக்கோலம் போடுறது எறும்பு தின்னட்டும் எண்டு. நீங்கள் ஆர் தின்ன எண்டு போடுறியள்?" என்றாள். அவர் அதைக் காதில் விழுத்தவில்லை. வெளியே சோளம் அறுவடையாகி, வயல் வெறுமையாகி, குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. வயலில் இருந்தவை எல்லாம் சூடான இடம் தேடின. திடல் முழுவதையும் சந்தேகப்பட்ட மனிதர் எலியைச் சந்தேகப்படவில்லை.

அடுத்த வசந்தத்தில் வருடாந்தப் பரிசோதனை. பரிசோதகரோடு டிரையரும் வந்தார். சந்திரமௌலி கதவைச் சறுக்கித் திறந்தபோது, உள்ளே தரையில் வெண்மையாய்ப் பூத்திருப்பதை டிரையர்தான் முதலில் கண்டார். கையை நீட்டிப் பரிசோதகரை மறித்தார்.

"உள்ளே போகாதீர்கள். மௌலி, இது என்ன தூள்?"

 குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். சந்திரமௌலி பதில் தேடிக்கொண்டு நின்ற நேரத்துக்குள் டிரையர் தொலைபேசியை எடுத்துவிட்டார். பொலிசார் இருவர் வந்தார்கள். தமிழன், விமானம், வெள்ளைத் தூள், புதிதாய் ஒரு பூட்டு. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. லாங்கெ கிழவி தன் கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரிசிமா," என்றார் கடைசியில்.

பொலிஸ்காரர் மணந்து பார்த்தார். ஒரு சிறு பையில் கொஞ்சம் எடுத்தார். "அரிசிமா எதற்கு?"

உங்களில் எவன் உள்ளே வருகிறான் என்று பிடிக்க, என்று டிரையரின் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. வந்தது வேறொன்று. "எங்கள் வழக்கம். வாகனத்துக்குக் கண்ணூறு படாமல் இருக்க. சமய விடயம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார். பொலிசார் மரியாதையாக விடைபெற்றார்கள். டிரையரின் முகம் சிவந்துவிட்டது. அந்த நேரத்தில் பரிசோதகர் இறக்கையைத் தட்டினார். மேளம் ஒலிக்கவில்லை. மூடுதுணியை விலக்கினால், இறக்கையின் அடித்துணி சல்லடையாய்க் கிடந்தது. உள்ளே எலிக்கூடு. மின்கம்பிகளின் தோல் உரிந்து செம்பு பளபளத்தது.

"இது பறக்காது," என்றார் பரிசோதகர். "தோட்டத்து எலிகளின் வேலை. துணி முழுவதும் மாற்றவேண்டும். ஒரு வருட வேலை."

பறக்காத விமானம் என்றால் கொட்டகை பொதுக்கூட்டத்துக்குப் போகும். பொதுக்கூட்டம் மூன்று கிழமையில். சந்திரமௌலி அந்தச் சல்லடைத் துணியைப் பிடித்தபடி நின்றார். அழுதார் என்றுதான் சொல்லவேண்டும். இந்தத் தடவை காற்றுக்கூட அடிக்கவில்லை.

டிரையர் அவர் தோளில் கைவைத்துச் சங்கடமாகச் சிரித்தார். "உங்கள் சமய வழக்கத்தை நான் குற்றமாக நினைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. கூட்டத்தில் நானே பேசுகிறேன். உங்களுக்கு ஒரு வருட அவகாசம் வாங்கித் தருவது என் பொறுப்பு."

இதைக் கேட்டதும் மனுசன் ஆறுதல் அடையவேண்டுமே! சந்திரமௌலி வீட்டுக்கு வந்து, "டிரையர் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான்?" என்றார்.

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை அவர் திடலுக்குப் போனபோது டிரையரின் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. டிரையர் முழங்காலில் இருந்தார். பக்கத்தில் தங்கராசா கடையின் அரிசிமாப் பை. விமானத்தின் ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் அழகாக, கரண்டியால் அளந்ததுபோல, ஒவ்வொரு குவியல் மா.

"மௌலி, நல்ல நேரம் வந்தீர்கள். என் மனைவி உங்கள் வழக்கத்தைக் கேட்டு மனம் உருகிவிட்டாள். கடைக்காரரிடம் கேட்டாள். ஓம் ஓம், மிகவும் நல்லது என்று அவரும் சொன்னாராம். இன்னும் சில பேரும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். சமயத்துக்கு வைப்பது தின்னும் பொருளில் சேராது. அளவு சரிதானா?"

கேலி செய்கிறானோ என்று சந்திரமௌலி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். இல்லை. மூக்கு நுனியில் மா ஒட்டியிருந்தது. கண்ணில் ஒரு பிள்ளைத்தனமான அக்கறை இருந்தது. அந்த விமானம் டிரையரும் அவருடைய தகப்பனும் சேர்ந்து கையால் கட்டியது. முழுக்க மரமும் துணியும். தகப்பன் இப்போது உயிரோடில்லை.

"சரி," என்றார் சந்திரமௌலி. சொல்லிவிட்டு விறுவிறென்று காருக்கு நடந்தார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. சுந்தரேஸ்வரி கேட்கக் கேட்க எல்லாவற்றையும் கொட்டினார்.

"சொல்லுங்கோவன் அந்த மனுசனுக்கு," என்றாள்.

"சொன்னால் கொட்டகை போயிடும். சமய விசயம் எண்டுதானே எல்லாரும் இரங்குறாங்கள். உங்களைச் சந்தேகப்பட்டுத்தான் தூவினனான் எண்டால் விடுவாங்களே?"

"சொல்லாட்டி அவன்ரை தகப்பன் செய்த பிளேன் போயிடும்."

"அவன் என்ரை கொட்டகைக்குள்ளை வந்தவன்!"

"கண்டனீங்களோ?"

 இவ்வளவு காலத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அவரும் தன்னிடம் கேட்டதில்லை.

கூட்டம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. பிற்பகல் வெயில், மேசையில் கோப்பியும் கேக்கும். லாங்கெ கிழவி குறிப்பெழுத உட்கார்ந்திருந்தாள். சந்திரமௌலி பின்வரிசையில், கதவுக்கு அருகே இருந்தார். அது அவருடைய வழமையான இடம். கதவு தெரியாத இடத்தில் அவரால் உட்கார முடியாது.

டிரையர் எழுந்து நன்றாகப் பேசினார். மற்றவர்களின் வழக்கங்களை மதிக்கவேண்டும் என்றார். பொலிசைக் கூப்பிட்டதற்குத் திரும்பவும் மன்னிப்புக் கேட்டார். மௌலிக்கு ஒரு வருடம் கொடுப்போம் என்று கேட்டுக்கொண்டார். தலைகள் ஆடின. வாக்கெடுக்கவேண்டியதுதான் மிச்சம். சந்திரமௌலி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கொட்டகை அவருடையது.

அவர் எழுந்து நின்றார். கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அது சமயம் இல்லை," என்றார். "நான் பொய் சொன்னேன். யாரோ என் கொட்டகைக்குள் வருகிறார்கள் என்று நினைத்தேன். கால்தடம் பிடிக்க மாவைத் தூவினேன். உங்களில் ஒருவர் என்று நினைத்தேன். டிரையர், நீங்கள்தான் என்று நினைத்தேன். பூட்டை மாற்றினேன். புதுத் திறப்பைத் தரவில்லை. அந்த மாவுக்குத்தான் எலி வந்தது. உங்கள் விமானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாவை இன்றைக்கே கூட்டி எறியுங்கள்."

 கேக்கை வாயருகே கொண்டுபோன ஒருவர் அதைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"கால்தடம் வந்ததா?" என்று டிரையர் கேட்டார். 

"வந்தது."

"அது என்னுடையது," என்றாள் லாங்கெ கிழவி, பேனாவைக் கீழே வைக்காமலே.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் சந்திரமௌலியை நேராகப் பார்த்தாள். "முதல்முறை போனது நீ உள்ளே குண்டு வைத்திருக்கிறாயா என்று பார்க்க. தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்ததற்கு அடுத்த மாதம். குண்டு இல்லை. ஒரு முக்காலியும் ஒரு தேநீர்க் கோப்பையும் இருந்தன. நல்ல விமானத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதன் ஏன் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் இரண்டாம் முறையும் போனேன். அப்போது மாவையும் எலிப்புழுக்கையையும் கண்டேன். எலிப்பொறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பூட்டு மாறியிருந்தது."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நான் அனுமதி இல்லாமல் உள்ளே போனது தெரிந்துவிடுமே. உனக்குத்தான் வெட்கம் இருக்குமா? எனக்கும் இருக்கும்."

கோபம் வரும் என்று சந்திரமௌலி காத்திருந்தார். வரவில்லை.  இத்தனை வருடத்தில் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் இந்தக் கிழவிதான். கண்ணைச் சிமிட்டாமல், பகிடி என்று மழுப்பாமல், 'ம்' போடாமல் சொன்னாள். இவளை நம்பலாம் என்று அவருக்குப் பட்டது.

அதைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் முன்னால் பெரிய சத்தம். டிரையர் மேசையைத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார். எழுபத்தி நாலாம் ஆண்டு விதிகளைக் கரைத்துக் குடித்த அந்த மனிதர், நடந்துகொண்டிருந்த கூட்டத்தை நடுவில் விட்டுவிட்டு, புற்றரையில் தன் கொட்டகையை நோக்கி ஓடினார். மா வாங்கிப் போட்ட மற்றவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர்களும் ஓடினார்கள். வாங்காதவர்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். ஜன்னலுக்கு வெளியே கொட்டகைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சறுக்கித் திறக்கும் சத்தமும், மாவைக் கூட்டத் தும்புத்தடி எங்கே என்ற கூச்சலும் கேட்டன.

அறையில் சந்திரமௌலியும் கிழவியும் மட்டும் மிஞ்சினார்கள்.

அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வெறும் கதிரைகளைப் பார்த்தாள். "வாக்கெடுக்க ஆள் போதாது," என்றாள். எழுதிக்கொண்டே சொன்னாள். "கூட்டம் முடிவெடுக்காத விடயம் அடுத்த வருடக் கூட்டம்வரை இருந்தபடியே இருக்கும். அதுவும் விதிதான். நீ வாசிக்கவில்லையா?"

வாசித்திருந்தார். அதையும் தனக்கு எதிராகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அப்போது நினைத்திருந்தார்.

"ஒரு வருடம் இருக்கிறது. துணி ஒட்ட எனக்குத் தெரியும். தனியாக உன்னால் முடியாது," என்றாள்.

"நான் உங்களைச் சந்தேகப்படவேயில்லை," என்றார் சந்திரமௌலி. "எல்லாரையும் பட்டேன். உங்களை மட்டும் விட்டுவிட்டேன்."

"அது உன் பிழை," என்றாள் அவள். முதல்முறையாகச் சிரித்தாள் போலிருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு திறப்பு. பெட்டி இல்லை, பூட்டு இல்லை. டிரையருடையதும் கிழவியுடையதும் மற்ற எல்லாருடையதும் திறந்த சுவரில் இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. யார் வேண்டுமானாலும் யாருடைய கொட்டகைக்குள்ளும் போயிருக்கலாம். சந்திரமௌலி தன் கொத்திலிருந்து புதுத் திறப்பைக் கழற்றினார். நகம் வலித்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கொழுவினார். கொஞ்ச நேரம் அதன்மேல் கை வைத்தபடி நின்றார். பிறகு கையை எடுத்தார்.

வெளியே டிரையர் மா படிந்த முழங்காலோடு கூட்டிக்கொண்டிருந்தார். சந்திரமௌலியைக் கண்டதும் நிமிர்ந்தார்.  சந்திரமௌலி கைநீட்டித் தும்புத்தடியை வாங்கி, மிச்சத்தைத் தானே கூட்டினார்.

வீட்டுக்கு வந்து திறப்புக் கொத்தை ஆணியில் கொழுவியபோது சுந்தரேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "பிளேன் கொட்டில் திறப்பைக் காணேல்லை. பறிச்சுப்போட்டாங்களோ?"

"இல்லை. நான்தான் அங்கை கொழுவிப்போட்டு வந்தனான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு வழக்கமில்லாத விடயம்.

பின்னேரம் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அவள் முன்னால் போய்க் காரில் ஏறினாள். அவர் கதவைப் பூட்டினார். கைப்பிடியை ஒருமுறை இழுத்தார். படியில் இறங்கினார். பாதிப் படியில் கால் தானாக நின்றது. மேலே திரும்பிப் பார்த்தார். கீழ்வீட்டு ஜெர்மன்காரி தன் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரமௌலி அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவந்தார்.

காரில் ஏறி இருந்தபின் கேட்டார். "நான் பூட்டினனான்தானே?"

சுந்தரேஸ்வரி காருக்குள் இருந்ததால் எதையும் கண்டிருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

"ஓம், பூட்டினியள்," என்றாள் அவள்.

அவர் காரை எடுத்தார்.